வழக்குக் கட்டிலிருந்து புத்தகத்துக்கு: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் படிக்க ஒரு வழி

சட்டக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், வீட்டு வழக்கு ஒன்றுக்காக நீதிமன்றப் படி ஏறத் தொடங்கிய பெரியவர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் குற்ற வழக்குகளை நடத்திவருபவன் என்ற முறையில் நான் சொல்லும் விடை பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். முதல் பிரிவிலிருந்து தொடங்க வேண்டாம். முடிந்துபோன ஒரு வழக்கின் கட்டிலிருந்து தொடங்குங்கள். முதல் தகவல் அறிக்கை, சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜர், சாட்சி வாக்குமூலங்கள், குற்றப்பத்திரிகை எனப்படும் இறுதி அறிக்கை, தீர்ப்பு ஆகியவை அடங்கிய ஒரு சிறிய கட்டு போதும். அதில் உள்ள ஒவ்வொரு தாளையும் எடுத்து, இந்தத் தாளை எழுதச் சொன்ன பிரிவு எது என்று புத்தகத்தில் தேடுங்கள். இருபது தாள்கள் முடிவதற்குள் சட்டத்தின் முதுகெலும்பு கைக்கு வந்துவிடும். பெயர்களை மறைத்துக் கட்டைக் காட்டும் வழக்கறிஞர் ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார்.

எந்தப் புத்தகத்தை வாங்குவது

இப்போது ஒரு புத்தகம் போதாது, இரண்டு வேண்டும். 1974 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருந்த 484 பிரிவுகள் கொண்ட 1973-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 531 பிரிவுகள் கொண்ட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த நாளில் நிலுவையில் இருந்த புலன்விசாரணைகளும் விசாரணைகளும் மேல்முறையீடுகளும் பழைய சட்டத்தின்படியே தொடரும் என்று புதிய சட்டத்தின் கடைசிப் பிரிவான 531 சொல்கிறது. ஆகவே நீதிமன்றத்தில் ஒரே காலைப்பொழுதில் இரண்டு சட்டங்களும் பேசப்படுகின்றன. போதாக்குறைக்கு, நாம் மேற்கோள் காட்டும் பெரும் தீர்ப்புகள் எல்லாம் பழைய எண்களில் எழுதப்பட்டவை. கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றில் இடப்பக்கம் பழைய எண்ணையும் வலப்பக்கம் புதிய எண்ணையும் எழுதிவாருங்கள்: 154-க்கு 173, 161-க்கு 180, 164-க்கு 183, 167-க்கு 187, 313-க்கு 351, 438-க்கு 482, 482-க்கு 528. கடைசி இரண்டைக் கவனியுங்கள். பழைய சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதியதில் அதே எண் முன்ஜாமீனைக் குறிக்கிறது. அதேபோல் "ஊரில் 144 போட்டிருக்கிறார்கள்" என்ற பேச்சு இன்னும் மாறவில்லை. புதிய சட்டத்தின் 144-ஐத் திறந்து பார்த்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஜீவனாம்சம் வழங்குவதைப் பற்றி இருக்கும். தடையுத்தரவு 163-க்குப் போய்விட்டது.

புத்தகம் என்று நான் சொல்வது உரையோ குறிப்போ இல்லாத மூலச் சட்டத்தை, அதாவது நாங்கள் பேர் ஆக்ட் என்பதை. அரசின் இந்தியா கோட் இணையதளத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய உரைநூல்களை ஓராண்டு கழித்து வாங்கலாம். தேர்வுக்கான கேள்வி–பதில் கையேடுகளை வாங்கவே வேண்டாம் என்பேன். அவை பிரிவின் சொற்களை மாற்றிச் சுருக்கி எழுதுகின்றன, நடைமுறைச் சட்டத்திலோ வழக்கே "அல்லது" என்ற ஒரு சொல்லில் நின்றுவிடும்.

ஒரு மடைத் தகராறு

பிரிவுகளை ஒன்றோடொன்று கோத்துப் படிக்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். குறுவைக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். மேல்வயல்காரர் ஒருவர் தம் முறை வருவதற்கு முன்பே வாய்க்காலை மண் போட்டு அடைத்துத் தம் பக்கம் மடையை வெட்டிவிடுகிறார். கீழ்வயல்காரர் தட்டிக் கேட்கிறார். கன்னத்தில் அறை விழுகிறது. அவர் நேராகக் காவல் நிலையம் போகிறார். இனி என்ன நடக்க வேண்டும்?

முதலில் திறக்க வேண்டிய பக்கம் சட்டத்தின் முன்பகுதி அன்று, பின்னால் உள்ள முதல் அட்டவணை. ஆறு பத்திகள் கொண்ட அந்த அட்டவணை பிரிவு, குற்றம், தண்டனை, காவல்துறை கைது செய்யப் பிடியாணை வேண்டுமா வேண்டாமா, பிணையில் விடத்தக்கதா, எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்று வரிசையாகச் சொல்லிவிடும். அறைந்தது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2)-க்குள் வரும்: ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அட்டவணையில் அது பிடியாணை வேண்டும் குற்றம், நீதிமன்ற வளாகப் பேச்சில் நான்-காக்னிசபிள். அதோடு நின்றால், புதிய நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின்படி நிலைய அதிகாரி பதிவேட்டில் குறித்துக்கொண்டு புகார்தாரரை நடுவரிடம், அதாவது மாஜிஸ்திரேட்டிடம், அனுப்ப வேண்டுமே தவிர, நடுவரின் ஆணையின்றிப் புலன்விசாரணை செய்ய முடியாது. "அடி வாங்கியவன் போனால் வழக்குப் போட மாட்டேன் என்கிறார்கள்" என்ற புலம்பலில் ஒரு பகுதி இந்தப் பிரிவிலிருந்தே வருகிறது.

ஆனால் மடையை வெட்டியது தனிக் குற்றம். விவசாயத்துக்கான தண்ணீரைக் குறையச் செய்யும் சேதம் அதே நியாய சன்ஹிதாவின் 326(a)-இல் ஐந்தாண்டு வரை தண்டனைக்குரியது. அட்டவணையில் அது பிடியாணை வேண்டாக் குற்றம். இப்போது 174-இன் நான்காம் உட்பிரிவுக்கு வாருங்கள்: பல குற்றங்கள் சேர்ந்த வழக்கில் ஒன்றேனும் பிடியாணை வேண்டாக் குற்றமாக இருந்தால், வழக்கு முழுவதையும் அப்படியே கொள்ள வேண்டும். அறையும் மடையும் சேர்ந்த புகாரில் அறையையும் காவல்துறையே விசாரிக்கலாம். புகார் எழுதும்போது வெட்டிய மடையை விட்டுவிட்டு வாங்கிய அடியை மட்டும் எழுதியவர், தம் கையாலேயே வழக்கின் தன்மையை மாற்றிவிடுகிறார்.

இன்னும் ஒரு படி உண்டு. மூன்றாண்டுக்குக் குறையாமலும் ஏழாண்டுக்கு உட்பட்டும் தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதியோடு, முகாந்திரம் உள்ளதா என்று 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த 173(3) இடம் தருகிறது. ஐந்தாண்டுத் தண்டனை உள்ள மடை வெட்டு இதற்குள் விழுகிறது. இங்கேதான் தீர்ப்பு நூல் தேவைப்படுகிறது. லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013-இல், பிடியாணை வேண்டாக் குற்றம் புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்றும், முதற்கட்ட விசாரணை சில வகை வழக்குகளில் மட்டுமே என்றும் தீர்ப்பளித்தது. புதிய உட்பிரிவு அந்தத் தீர்ப்பைத் தளர்த்துகிறதா, அதற்குள் அடங்கியே நிற்கிறதா என்ற கேள்வியோடு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். காரணம் காட்டாமல் 14 நாள் கடத்துவதற்கு அந்த உட்பிரிவு உரிமம் தரவில்லை என்பதே என் கருத்து.

பயிர் காயும் அவசரத்துக்குக் குற்ற வழக்கு உதவாது என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும். நிலமோ தண்ணீரோ பற்றிய தகராறு அமைதியைக் குலைக்கும் என்றால் நிர்வாக நடுவர் தலையிட 164-ஆம் பிரிவும், பயன்படுத்தும் உரிமை பற்றிய தகராறுக்கு 166-ஆம் பிரிவும் உண்டு. பழைய எண்கள் 145, 147. நம் பகுதியில் கோட்டாட்சியர் அலுவலகங்களில் இந்தக் கோப்புகள் பழகிப்போனவை. எந்தெந்தக் குற்றங்களில் சமாதானமாகப் போகலாம் என்பதை 359-ஆம் பிரிவின் பட்டியல் சொல்லும். 115(2)-இல் அடிபட்டவரே சமாதானம் செய்துகொள்ளலாம். மடை வெட்டுக்கு என்ன நிலை என்பதை நீங்களே பட்டியலில் தேடிக் கண்டுபிடியுங்கள். அப்படித் தேடியது மறக்காது.

வழக்குக் கட்டில் பார்க்க வேண்டிய நேரங்கள்

முதல் தகவல் அறிக்கையில் புதிதாகப் படிப்பவர்கள் சம்பவக் கதையைப் படிக்கிறார்கள். பழகியவர்கள் நேரங்களைப் படிக்கிறார்கள். சம்பவம் நடந்த நேரம், நிலையத்தில் தகவல் வந்த நேரம், அறிக்கை நடுவரின் கைக்குப் போன நேரம் என்று மூன்று உண்டு. மூன்றாவது அச்சுப் படிவத்தின் கட்டத்தில் மட்டும் இராது. நடுவர் முத்திரைக்கு அருகில் தம் சுருக்கொப்பத்தோடு தேதியும் நேரமும் போட்டிருப்பார். காலை ஏழு மணிக்கு நடந்ததாகவும் எட்டரைக்குப் பதிவானதாகவும் சொல்லப்படும் அறிக்கை, நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள நடுவரிடம் இரவு பத்து மணிக்குத்தான் போயிருக்கிறது என்றால், இடையில் உள்ள பதின்மூன்றரை மணி நேரத்தில் பெயர்கள் சேர்க்கப்பட்டனவா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். நடுவருக்கு உடனே அறிக்கை அனுப்ப வேண்டும் என்ற 176(1)-இன் ஒற்றைச் சொல் அந்தக் கேள்விக்கு அடிப்படை. தாமதம் மட்டுமே வழக்கை உடைத்துவிடாது. விளக்கம் இல்லாத தாமதம், வேறு ஐயங்களோடு சேரும்போது உடைக்கும்.

அதேபோல் கைது நேரத்தையும் நடுவர் முன் நிறுத்திய நேரத்தையும் கழித்துப் பாருங்கள். பயண நேரம் போக 24 மணி என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22(2)-இலேயே உள்ள வரம்பு. ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 60 அல்லது 90 நாட்களுக்குள் இறுதி அறிக்கை தாக்கலானதா என்று எண்ணுங்கள். ஆகாவிட்டால் பிணை கேட்கும் உரிமை 187(3)-இல் பிறந்துவிடுகிறது. ஆவண நகல்களைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கட்டணமின்றித் தர 230-ஆம் பிரிவு இப்போது 14 நாள் கெடு வைத்திருக்கிறது. பென்சிலால் ஓரத்தில் நாட்களைக் கூட்டிக் கழித்த கட்டுதான் படித்த கட்டு.

தீர்ப்பைப் படிப்பது

விசாரணை நீதிமன்றத் தீர்ப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். முடிவு தெரிந்த பிறகு, தீர்மானிக்க வேண்டிய பிரச்சினை எது என்று நீதிபதி வகுத்த பத்திக்குப் போங்கள். பிரச்சினை, அதன் மீதான முடிவு, முடிவுக்கான காரணங்கள் ஆகிய மூன்றும் தீர்ப்பில் இருக்க வேண்டும் என்று 393-ஆம் பிரிவு கட்டளையிடுவதால், எந்தத் தீர்ப்பிலும் அந்தப் பத்தி இருந்தே தீரும். பின்னர் சாட்சிகளின் பட்டியல். அ.சா.1, அ.சா.2 (அரசுத் தரப்புச் சாட்சி 1, 2) என்ற சுருக்கெழுத்துகளுக்கு எதிரே பக்கத்து வயல்காரர், கிராம நிர்வாக அலுவலர், மருத்துவர், புலன்விசாரணை அதிகாரி என்று எழுதிக்கொள்ளுங்கள். எவர் முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ்சாட்சியானார் என்று குறியுங்கள். இவ்வளவும் ஆன பிறகு முதல் பக்கத்திலிருந்து ஒரே மூச்சில் படிக்கலாம்.

மேல் நீதிமன்றத் தீர்ப்புகளில் வேறொரு பள்ளம் உண்டு. அதில் நான் விழுந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பிணை மனுவில், தீர்ப்புகளை வெளியிடும் சஞ்சிகையில் தீர்ப்புக்கு மேலே சாய்வெழுத்தில் அச்சிட்டிருந்த தலைக்குறிப்பை மட்டும் நம்பி வாதாடினேன். நீதிபதி முழுத் தீர்ப்பையும் கேட்டு வாங்கி, ஒரு பத்தியைக் காட்டி என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். அது என் கட்சிக்காரருக்கு நேர் எதிராக இருந்தது. தலைக்குறிப்பு தீர்ப்பின் பகுதியன்று, சஞ்சிகைக்காரர் எழுதுவது. எவ்வளவு நல்ல சஞ்சிகையானாலும் அதைக் கைகாட்டி மரமாகவே கொள்ள வேண்டும்.

நம் மாநிலத்திலிருந்து போன ஒரு தீர்ப்பை முதல் பாடமாகப் பரிந்துரைப்பேன்: 1957-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த வடிவேலு தேவர் எதிர் சென்னை மாநிலம். ஒரு கொலை, நேரில் கண்ட சாட்சி இறந்தவரின் மனைவி ஒருவர் மட்டுமே. ஒரே சாட்சியை வைத்துத் தண்டிக்கலாமா என்பது கேள்வி. சாட்சிகளை முழுவதும் நம்பத்தக்கவர், முழுவதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் இடைப்பட்டவர் என மூன்றாகப் பிரித்து, மூன்றாம் வகைக்கே வேறு சான்றின் துணை தேவை என்றது நீதிமன்றம். இன்றும் மாவட்ட நீதிமன்றங்களில் வாரம் ஒருமுறையாவது இந்தப் பெயர் காதில் விழும். படிக்கும்போது மூன்று மையில் அடிக்கோடு இடுங்கள்: நடந்தது என்ன, சட்டம் என்ன, இந்த வழக்குக்கு அதைப் பொருத்தியது எப்படி. தீர்ப்பின் கட்டுப்படுத்தும் பகுதி மூன்றும் சந்திக்கும் இடத்தில் இருக்கும். போகிற போக்கில் நீதிபதி சொன்னவை, சட்டமொழியில் ஒபிட்டர், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த எடையைத் தாங்கா. சாட்சிகளின் எண்ணிக்கை முக்கியமன்று என்ற பழைய சாட்சியச் சட்டத்தின் 134, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 139 என்பதை நோட்டில் சேர்க்க மறவாதீர்கள்.

தமிழில் தீர்ப்பு படிப்பது புதுப் பழக்கம் என்று எண்ணுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான, அக்கால மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-இலேயே அச்சிட்டுவிட்டார். இன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றின் தமிழாக்கம் இணையத்தில் கிடைக்கிறது. புரிந்துகொள்ள அதைப் படியுங்கள், மேற்கோளுக்கு ஆங்கில மூலத்தையே எடுங்கள்.

டெல்டாக்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு குழப்பமும் உண்டு. தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்களின் வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும்; திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வழக்குகள் சென்னைக்குப் போகும். கும்பகோணத்து வழக்கின் முன்ஜாமீன் மதுரையில், பக்கத்துக் குடவாசல் வழக்கினது சென்னையில். வழக்கு நிலவரத்தை இணையத்தில் தேடும்போது தவறான அமர்வில் தேடிவிட்டு "வழக்கே காணோம்" என்று பதறி வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீதிக் கோட்பாடுகளை எப்போது எடுப்பது

பலர் கோட்பாடுகளை முதலில் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வருகிறார்கள். பத்துக் கட்டும் ஐந்து தீர்ப்பும் படித்தபின் எடுத்தால்தான் கோட்பாட்டு நூல் பேசும். அதற்கு முன்னோட்டமாக நம் பக்கத்துக் கதைகள் இரண்டை வழக்குக் கட்டாகவே படித்துப் பார்க்கலாம். பூம்புகாரிலிருந்து மதுரைக்குப் போன கோவலன், தன் தரப்பைச் சொல்ல ஒரு வாய்ப்பும் இன்றிக் கொல்லப்பட்டான். அவன் மனைவி அரசவையில் சிலம்பை உடைத்தபோதுதான் முத்தா மாணிக்கமா என்ற சான்றுப் பொருள் ஆய்வே நடந்தது, தண்டனை நிறைவேறிய பிறகு. அவள் தன் ஊரைச் சொல்லும்போது நினைவூட்டும் சோழன் கதை திருவாரூரில் கல்தேராக நிற்கிறது. கன்று தானே தேர்க்காலில் பாய்ந்தது, இளவரசனுக்குக் கொல்லும் எண்ணம் இல்லை. இன்றைய சட்டத்தில் எண்ணமும் கவனக்குறைவும் இல்லாத இடத்தில் குற்றமே இல்லை. அமைச்சர்கள் பரிகாரம் சொன்னார்கள், அரசன் ஏற்கவில்லை. ஆணையை நிறைவேற்ற மனமின்றி ஓர் அமைச்சர் தம் உயிரையே விட்டார். அந்தத் தீர்ப்பை மேல்முறையீட்டில் நான் எதிர்த்திருப்பேன். ஆயினும் அரசன் மகனுக்கும் பசுவுக்கும் ஒரே மணி என்ற பகுதியை எதிர்க்க என்னிடம் வாதம் இல்லை. பழிக்குப் பழியா, பரிகாரமா, சமத்துவமா என்று மேலை நூல்கள் அதிகாரம் அதிகாரமாகப் பிரிப்பவை அந்தக் கல்தேரில் கலந்து கிடக்கின்றன.

அதன் பிறகு அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் நீதி பற்றி 1971-இல் எழுதிய நூலை எடுத்தால் அறியாமைத் திரை என்ற அவருடைய கருத்து சட்டென்று பிடிபடும். தன் வயல் தலைமடையில் இருக்கிறதா கடைமடையில் இருக்கிறதா என்று தெரியாத ஒருவரிடம் தண்ணீர் முறையை வகுக்கச் சொன்னால் எப்படி வகுப்பார் என்பதே அது. அமைப்புகள் ஒழுங்காக இருப்பது வேறு, மனிதர் வாழ்வில் நியாயம் கிட்டுவது வேறு என்று அமர்த்தியா சென் 2009-இல் நீதிக்கும் நியாயத்துக்கும் இடையே வைத்த பிரிவினை அடுத்தது. திருக்குறளில் செங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறள், ஆராய்ந்து, எவர்மீதும் சாயாமல், நூலறிந்தவரோடு தேர்ந்து செய்வதற்குத் தரும் பெயர் "முறை". வாய்க்காலில் நாம் வைப்பதும் முறை, மேல் நீதிமன்றத்தில் செய்வதும் முறையீடு, இந்தச் சட்டத்தின் பெயரிலேயே இருப்பது நடைமுறை. இந்த மூன்றையும் தமிழ் ஏற்கெனவே ஒரு சொல்லில் அடுக்கிவைத்திருப்பதால், நமக்கு இந்தப் படிப்பு அவ்வளவு அந்நியமன்று.

கடைசியாக ஒரு கடினமான பயிற்சி. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களின் பெண்களும் குழந்தைகளும். நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நிலவுடைமையாளர் தரப்பினருக்குத் தண்டனை விதித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. செல்வமும் மதிப்பும் உள்ள மிராசுதாரர்கள், அதிலும் கார் வைத்திருந்தவர், தாமே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்னும் பொருள்பட அந்தத் தீர்ப்பில் ஒரு பகுதி உண்டு. தீர்ப்பை முழுவதும் தேடி எடுத்து இரண்டு முறை படியுங்கள். முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞராக: இரவு நேர அடையாளம், சாட்சிகளுக்கிடையே முரண், சந்தேகத்தின் பலன். இரண்டாம் முறை குடிசைக்கு வெளியே உயிரோடு நின்றவராக: மிராசுதாரர் நேரில் வரமாட்டார் என்பது சாட்சியத்திலிருந்து எழுந்த ஐயமா, அல்லது நீதிபதி வீட்டிலிருந்து எடுத்துவந்த அனுமானமா? மனித நடத்தையின் இயல்பான போக்கைக் கொண்டு நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்ற பிரிவு, அன்று சாட்சியச் சட்டத்தின் 114, இன்று 119, இதற்கு எவ்வளவு தூரம் இடம் தருகிறது என்று பாருங்கள். பிறகு அந்த ஒரு பத்தியை மட்டும் நீங்கள் எப்படி எழுதியிருப்பீர்கள் என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். நீங்கள் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அதைத் தாங்கும் பிரிவின் எண்ணையோ சாட்சியின் எண்ணையோ குறியுங்கள். எண் போட முடியாத வாக்கியங்களை அடித்துவிட்டு, மீதியை மறுபடி படித்துப் பாருங்கள்.